எதிரே வந்த மலாயா அக்கா

மலாயா அக்கா மலாயாவைக் கண்டதில்லை. பருத்தித்துறைக் கடலுக்கு அப்பால் எதையுமே கண்டதில்லை. அவருடைய கணவர் மலாயா ரெயில்வேயில் கிளாக்கராக இருந்தார். சில வருஷங்களுக்கு ஒருமுறை லீவில் வந்து, வேலிகளுக்கு நடுவே ஓடும் ஒழுங்கையெல்லாம் வாசனைச் சவர்க்காரம் மணக்க இருந்துவிட்டுப் போவார். அதனால் கரவெட்டியில் எங்கள் அயலுக்குள் அந்த வீடு மலாயா வீடு, அந்த வீட்டு அக்கா மலாயா அக்கா. தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இங்கே எழுதப் போவதுமில்லை.

எங்கள் ஊரில் ஒரு காரியத்துக்கு வெளிக்கிடுகிறவன் படலையைத் தாண்டியதும் முதலில் எதிரே வருவது யார் என்று பார்ப்பான். அதற்கு முழுவியளம் என்று பெயர். தாலியும் குங்குமமுமாக ஒரு பெண் நிறைகுடத்தோடு வந்தால் காரியம் கைகூடும். கைம்பெண் வந்தாலும், வெறுங்குடம் வந்தாலும், ஒற்றைப் பிராமணர் வந்தாலும் திரும்பி உள்ளே போய்ச் சற்று இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி வெளிக்கிட வேண்டும். இதைத் தெய்வச் செயலென்று விட்டுவிட எங்கள் ஆட்களுக்குத் தைரியம் கிடையாது. நல்ல முழுவியளத்தை முதல் நாளே சொல்லி வைத்து ஒழுங்கு பண்ணிவிடுவார்கள். பிறகு, “பாத்தியே, நல்ல முழுவியளம்!” என்று தாங்களே அதிசயப்படுவார்கள். அப்படி வரச் சொல்லி வைப்பது மலாயா அக்காவிடந்தான்.

சோதினைக்குப் போகிறவன், வழக்குக்குப் போகிறவன், கலியாணம் பேசப் போகிறவன், வயிற்று வலிக்கு மருந்தெடுக்கப் போகிறவன், எல்லோருக்கும் அக்கா எதிரே வந்திருக்கிறார். அவர் அதை ஓர் உத்தியோகம் போலவே பார்த்தார். முதல் நாள் பின்னேரமே பித்தளைக் குடத்தைப் புளி போட்டு மினுக்கி வேலியோரம் கவிழ்த்து விடுவார். அதைக் கண்டதும் நாளைக்கு யாரோ வெளிக்கிடப் போகிறார்கள் என்று அயலுக்குத் தெரிந்துவிடும். காலையில் தோய்ந்து, குங்குமம் இட்டு, குடத்தைக் கழுத்துவரை நிறைத்துக்கொண்டு ஒழுங்கை முடக்கில் வந்து நிற்பார். வீட்டுக்குள் யாராவது பலமாகச் செருமினால் நடக்கத் தொடங்குவார். முந்தினால் சொல்லி வைத்தது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். பிந்தினால் வேறு யாராவது குறுக்கே வந்துவிடுவார்கள். அக்கா முந்தியதையோ பிந்தியதையோ நான் கண்டதில்லை.

கிட்ட வந்ததும், “துலைக்கே?” என்று கேட்பார். எங்கே போகிறாய் என்று கேட்பது ஆகாது; ஆகையால் தூரத்துக்கோ என்று மட்டும் கேட்பது எங்கள் வழக்கம். “ஓம் அக்கா, துலைக்குத்தான்” என்று சொல்லிவிட்டு நடக்க வேண்டும். இரண்டு பேருக்கும் எல்லாம் தெரியும். ஆனாலும் அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்து அதைச் சொன்ன பிறகு கால் தானாக நடக்கும்.

சீனியர் சோதினைக்குப் போவதற்கு முதல் நாள் வேலிக்கு மேலால் அக்காவைக் கேட்டேன்.

“அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் எதிரை வந்தா நான் பாஸ் பண்ணிப்போடுவனோ?”

“நான் தண்ணிக்குப் போறன், நீ சோதினைக்குப் போறாய். என்ரை குடத்துக்குள்ளை என்ன, உன்ரை கணக்குக்கு விடையோ கிடக்கு? ஒழுங்கை முடக்கு மட்டுந்தான் நான். அங்காலை நீ பாடமாக்கினதுதான்.”

“அப்ப ஏன் வாறியள்?”

“பயந்து போற பிள்ளைக்கு முன்னாலை ஒரு சிரிச்ச முகம் வந்தா ஆருக்கென்ன நட்டம், சொல்லு பாப்பம்?”

இப்படி நம்பிக்கையே இல்லாத ஒருவரை நம்பி ஓர் ஊரே வெளிக்கிட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது.

காரியம் சரி வந்தால் வாழைப்பழமும் கற்கண்டும் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அக்கா வாங்கிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, “பெடியன் கெட்டிக்காரன்” என்பார். காரியம் பிழைத்துப் போனால்தான் அக்காவின் கதை வேறு மாதிரி இருக்கும். பக்கத்து வளவுப் பெடியன் ஒருவன் ஜூனியர் சோதினையில் குண்டடித்துவிட்டான். தகப்பன் பூவரசந்தடியோடு கிணற்றைச் சுற்றி அவனைத் துரத்துகிறார். அக்கா கிணற்றடிக்கு ஓடி வந்து நடுவிலே நின்றுகொண்டார்.

“அண்ணை, அவனை அடியாதையுங்கோ. பிழை என்னிலை. அண்டைக்குத் துலாக்கயிறு அறுந்துபோச்சு. அரைக்குடத் தண்ணியோடைதான் எதிரை வந்தனான். வெளியிலை சொல்ல எனக்கு வெக்கமாய்க் கிடந்தது.”

தகப்பன் தடியை இறக்கிவிட்டார். அவருக்கும் அடித்து அலுத்திருக்க வேண்டும். அரைக்குடம் என்ன செய்யும், கடவுளே என்று அயல் முழுக்க ஒத்துக்கொண்டது. பெடியன் அடுத்த வருஷம் பாஸ் பண்ணினான். கயிறு அறுந்த கதை சுத்தப் பொய். அன்று காலை அதே துலாவில் நான் தண்ணீர் அள்ளித் தோய்ந்திருக்கிறேன். அதைச் சொன்னபோது அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“கயித்துக்கு வாயிருக்கோ, இல்லையெண்டு சொல்ல?”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். மற்றவன் தலையில் விழப்போகிற பழியைக் கை நீட்டி வாங்கித் தன் தலையில் வைத்துக்கொள்வது அக்காவின் சுபாவம். அது பாரமாக அவருக்குத் தெரியவில்லை. மலாயாவிலிருந்து ஒழுங்காகக் காயிதம் வந்துகொண்டிருந்த காலம் அது. எந்தப் பழியும் அவர்மேல் ஒட்டாது.

என் அம்மாவுக்கு அக்கா செய்தது ஒன்றும் உண்டு. எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே அப்பா காலமாகிவிட்டார். நான் ஏதாவது காரியத்துக்கு வெளிக்கிடுகிற நாளில் அம்மா குசினியை விட்டு வெளியே வரமாட்டா. என்னைக் குசினிக்குள்ளேயே கூப்பிட்டுத் திருநீறு பூசிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, “போட்டு வா” என்பா. அக்கா எனக்கு எதிரே வந்துவிட்டு நேரே வீட்டுக்குப் போக மாட்டார். குடத்தோடு எங்கள் குசினிக்குள் புகுந்து அம்மாவின் பக்கத்தில் இருந்துகொண்டு, நான் எப்படிப் போனேன் என்று ஒன்று விடாமல் சொல்லுவார். வேட்டி எப்படி இருந்தது, முகம் தெளிவாக இருந்ததா, திரும்பிப் பார்த்தேனா, எல்லாம். “அவ சொல்லச் சொல்ல நான் படலையிலை நிண்டு பாத்த மாதிரி இருக்கும்” என்று அம்மா சொல்லியிருக்கிறா. இந்த ஒன்றுக்காகவே நான் அக்காவுக்குக் கடமைப்பட்டவன்.

பிறகு யப்பான்காரன் மலாயாவைப் பிடித்தான். காயிதம் நின்றது. காசு நின்றது. எங்கள் பகுதியில் மலாயாவை நம்பியிருந்த வீடுகள் பல. எல்லா வீடுகளிலும் ஒரே கேள்வி. பதில் சொல்ல ஒருவரும் இல்லை. அக்கா கோழி வளர்த்தார், தென்னோலைக் கிடுகு பின்னினார், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். குங்குமத்தை மட்டும் முன்னையிலும் பெரிதாக இட்டார்.

ஊர் அவரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் வினை. முழுவியளத்துக்குச் சொல்லி வைக்க ஒருவரும் வரவில்லை. “ஆள் இருக்கோ இல்லையோ, ஆர் கண்டது?” என்று குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். இருந்தால் அக்காவைப் போல நல்ல முழுவியளம் கிடையாது. இல்லாவிட்டால் அவரைப் போலக் கூடாத முழுவியளமும் கிடையாது. அந்த வில்லங்கத்துக்குள் யார் தலையைக் கொடுப்பார்கள்? காலையில் அவர் ஒழுங்கையில் வருவதைக் கண்டால் வெளிக்கிட்டவர்கள் படலைக்குள்ளேயே நின்று செருப்பைத் தேடினார்கள். அக்காவுக்கு அது விளங்காமல் போகுமா? காலை நேரத்தில் முன் ஒழுங்கைக்கு வருவதையே விட்டுவிட்டார். தண்ணீருக்கும் பின்பக்கத்து ஒற்றையடிப் பாதையால் போய், தோட்டக் கிணற்றில் அள்ளிக்கொண்டு வந்தார். பித்தளைக் குடம் கறுத்துப் போயிற்று.

என் இன்ரவியூ வந்தது அப்போதுதான். அதுவும் யப்பான்காரன் தந்ததுதான். பர்மா அரிசி வராமல் போனது. அரசாங்கம் கூப்பனுக்கு அரிசி கொடுக்கத் தொடங்கியது. யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரியில் உணவுக் கட்டுப்பாட்டுக் கந்தோருக்குத் தற்காலிகக் கிளாக்கர்மார் தேவைப்பட்டார்கள். மூன்று மாதத்துக்குத்தான் வேலை. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வேதவாக்கு. மூன்று மாதம் மேய்த்தால் என்ன, கோறணமேந்துக் கோழி அல்லவா? சீனியர் பாஸ் பண்ணி, தோட்டத்தில் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்த எனக்கு வேறு வாசலும் இல்லை. அம்மாவின் நகை எல்லாம் என் படிப்போடு போய்விட்டது. இதையும் விட்டால் அம்மாவுக்கு நான் எந்த முகத்தைக் காட்டுவது?

என்னைத் தயார் பண்ணுகிற பொறுப்பை அம்மான் எடுத்துக்கொண்டார். அம்மான் என்றால் அம்மாவின் தமையன். கச்சேரியில் பியோனாக இருந்து பென்சனோடு இளைப்பாறியவர். துரைமாரின் அறை வாசலில் நின்றே உத்தியோக காலத்தைக் கழித்தவர். ஆகையால் அறைக்குள் எப்படி நுழைவது, எப்படி வெளியே வருவது என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நடுவிலே உள்ளே என்ன கேட்பார்கள் என்பது மட்டும் தெரியாது. சாய்மனைக் கதிரையில் துரை மாதிரிச் சாய்ந்திருந்துகொண்டு என்னைக் கதவுக்கு வெளியே போய் வரச் சொல்லுவார்.

“வலது காலை வைச்சு வா. கோட்டுப் பொத்தானைத் தடவாதை. அதிலை நில். இப்ப துரை கேக்கிறார்.”

“என்ன கேக்கிறார் அம்மான்?”

“அதை அவர் கேப்பார்தானே! முடிஞ்சுது, இப்ப போ. டேய், டேய்! துரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டோ போறது? பின்பக்கமாய் நட.”

நான் நண்டு போலப் பின்பக்கமாக நடந்து பழகினேன். கேள்விகளை நானே எழுதி, நானே விடை சொல்லி, பின்னேரத்தில் தோட்டத்தில் உலாவிக்கொண்டு இங்கிலீசில் சத்தமாகப் பாடமாக்கினேன். ஒரு புசலுக்கு எத்தனை கொத்து, ஒரு அந்தருக்கு எத்தனை இறாத்தல் என்று அளவை நிறுவையில் ஒன்று விடவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா கிடுகு பின்னிக்கொண்டு கேட்டிருப்பார். ஆனால் என்னிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை. முந்தி என்றால், “துலைக்குப் போக வெளிக்கிடுறாய் போலை கிடக்கு!” என்று பகிடி பண்ணியிருப்பார்.

முழுவியளத்துக்கு அம்மான் வாத்தியார் பெண்சாதியிடம் சொல்லி வைத்துவிட்டு வந்தார். அம்மா அக்கா வீட்டு வேலியைப் பார்த்துக்கொண்டு, “உவள் பிள்ளை இருக்கேக்கை...” என்று இழுத்தா.

“விசரே உனக்கு? மலாயாவிலை என்ன நடந்ததெண்டு உனக்குத் தெரியுமோ, எனக்குத் தெரியுமோ? பெடியன்ரை சீவியம்” என்றார் அம்மான். அம்மா குசினிக்குள் போய்விட்டா.

மார்கழி மாதம். இரவெல்லாம் மழை பெய்து காலையில் விட்டிருந்தது. நெல்லியடியில் ஒரு பஸ்தான். யுத்தத்தால் பெற்றோல் இல்லாமல் மற்றதெல்லாம் நின்றுபோயின. அதைத் தவறவிட்டால் அன்றைக்கு யாழ்ப்பாணம் இல்லை. நான் கோட்டும் சப்பாத்துமாக ஆயத்தமாகி நின்றேன். அம்மா குசினிக்குள் திருநீறு பூசிவிட்டா. அம்மான் படலையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் பலமாகச் செருமினார். உடனே கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

“நில், நில்! ஐயர் வாறார்.”

பிள்ளையார் கோயில் ஐயர் தனியே வந்துகொண்டிருந்தார். நாள்தோறும் அவர் கையால் திருநீறு வாங்கிக்கொள்கிற குடும்பம் நாங்கள். ஆனால் வெளிக்கிடுகிறபோது ஒற்றைப் பிராமணர் ஆகாது. சரி, போகட்டும் என்று நின்றோம். அவர் போகவில்லை. ஒழுங்கை முடக்கில் நிறைகுடத்தோடு நின்ற வாத்தியார் பெண்சாதியைக் கண்டு, திருவெம்பாவைப் பூசைக்கு யார் யார் என்ன தருகிறார்கள் என்று கதைக்கத் தொடங்கிவிட்டார். அவவும் குடத்தை மற்ற இடுப்புக்கு மாற்றிவிட்டு விபரம் சொல்லிக்கொண்டு நின்றா. அம்மான் திரும்பவும் செருமினார். ஐயர் இவரைப் பார்த்து, “தடிமனோ?” என்று அன்பாக விசாரித்தார்.

பஸ் நேரம் போய்க்கொண்டிருந்தது. அம்மான் என் கையைப் பிடித்து இழுத்தார்.

“பின்னாலை போவம். வா.”

கோழிக்கூட்டைத் தாண்டி, வேலிக் கடப்பால் குனிந்து, ஈரத் தோட்டத்துக்குள் சப்பாத்துப் புதைய ஒற்றையடிப் பாதைக்கு ஏறினேன். ஏறி நிமிர்ந்தால், முன்னே மலாயா அக்கா. தண்ணீர் அள்ளத் தோட்டக் கிணற்றுக்குப் போகிறார். இடுப்பில் வெறுங்குடம்.

எனக்கு முன்னால் வரக்கூடாது என்றுதான் அவர் அந்தப் பாதையால் போனார். அவருக்கு முன்னால் நான் போகக்கூடாது என்றுதான் அம்மான் முன் ஒழுங்கையில் எல்லாம் ஒழுங்கு பண்ணினார். இரண்டு பேருடைய கவனமும் சேர்ந்து எங்களை முகத்துக்கு முகம் கொண்டுவந்து நிறுத்தியது.

அக்காவின் முகம் செத்துப் போயிற்று. “ஐயோ, தம்பி...” என்று ஒரு சத்தம்தான் வந்தது. அப்படியே சட்டென்று வேலியைப் பார்த்துத் திரும்பி, குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, நான் காணாதபடி தன்னை மறைக்கப் பார்த்தார். கிடுகு வேலியோடு எவ்வளவு ஒடுங்கலாமோ அவ்வளவு ஒடுங்கினார்.

பின்னால் அம்மானின் குரல் கேட்டது. “திரும்படா! உள்ளை வந்து இருந்து தண்ணி குடிச்சிட்டுப் போ. கெதியாய் வா!”

ஒரு நிமிஷ வேலைதான். நானும் பழக்கத்தால் ஒரு கால் திரும்பிவிட்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்பி உள்ளே போனால் அது எனக்குத் தண்ணீர் குடிக்கிற காரியம். அக்காவுக்கு? இவ்வளவு நாளும் ஊர் வாய்க்குள் மென்றுகொண்டிருந்ததை நான் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். உன் புருஷன் இல்லை என்று சொன்னதாகிவிடும். முன்னே போனாலும் சும்மா போவதில்லை. வேலை கிடைக்காவிட்டால் அம்மான் இதை ஊரெல்லாம் சொல்லுவார். துலாக்கயிறு அறுந்தது என்று சிரித்துக்கொண்டு வாங்கிய பழி போல இராது அது, சாகுமட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நான் வேலைக்குப் பயந்தேன். முழுவியளத்துக்கும் பயந்தேன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வேலியைப் பார்த்துத் திரும்பி நின்ற அந்த முதுகைக் கண்டபோது எனக்கு என் அம்மாவின் முதுகு தெரிந்தது.

“அக்கா, இஞ்சாலை திரும்புங்கோ” என்றேன். “போட்டு வாறன்.”

அவர் திரும்பவில்லை.

“திரும்பிச் சிரிச்சாத்தான் போவன். பஸ் போகப்போகுது.”

அக்கா திரும்பினார். சிரிக்கத்தான் பார்த்தார், கண்ணீர்தான் வந்தது. அந்த முகத்தோடு “துலைக்கே, மோனை?” என்றார்.

“ஓம் அக்கா, துலைக்குத்தான்.”

அம்மான் என்னவோ கத்தினார். நான் திரும்பிப் பார்க்காமல் நெல்லியடிக்கு ஓடினேன்.

கச்சேரி வாசலில் வாங்குப் பலகையில் இடம் பிடித்து இருந்தேன். வந்திருந்தவர்களில் என்னைவிடப் படித்தவர்கள் பலர். பட்டணத்துப் பெடியன்கள் இங்கிலீசிலேயே தும்மினார்கள். முந்தி அது என் இன்ரவியூவாக மட்டும் இருந்தது. இப்போது அக்காவின் தாலியும் அதற்குள் வந்துவிட்டது. பிள்ளையாரே, எனக்காக வேண்டாம் என்று நேர்ந்தேன்.

உள்ளே வெள்ளைக்காரத் துரை ஒருவரும், எங்கள் ஆளான பெரிய கிளாக்கர் ஒருவரும் இருந்தார்கள். ஒரு புசலுக்கு எத்தனை கொத்து என்று கேட்டார்கள். முப்பத்திரண்டு என்றேன். ஒரு கணக்குத் தந்தார்கள், செய்தேன். எல்லோரும் சொல்லக்கூடிய விடைகள்தான். துரை கொட்டாவி விட்டுப் போகலாம் என்றார். அம்மான் பழக்கியபடி வணங்கிப் பின்பக்கமாக நடந்தேன். துரை நிமிர்ந்து பார்த்தார். என் நண்டு நடையைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். வாசலிலிருந்து மேசைவரை என் சப்பாத்துச் சேறு அச்சடித்தாற்போலக் கிடந்தது.

“பட்டணத்தில் தெருவெல்லாம் கல் போட்டிருக்கிறதே. நீ எங்கே உழுதுவிட்டு வருகிறாய்?” என்று இங்கிலீசில் கேட்டார்.

பொய் சொல்ல நேரம் இருக்கவில்லை. முன் ஒழுங்கையில் ஒற்றைப் பிராமணர் வந்தார், அதனால் பின்பக்கத் தோட்டத்தால் வெளிக்கிட்டேன் என்று சொன்னேன். பெரிய கிளாக்கர் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். துரை விடவில்லை, முழுவியளத்தை அவருக்கு விளங்கப்படுத்த வேண்டியதாயிற்று. துரைக்குக் கொட்டாவி போய்விட்டது.

“சரி, பின்பக்கத்தில் யார் வந்தார்?”

ஒருவரும் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். “ஒரு அம்மா வந்தார், சேர்” என்றேன்.

“நல்ல சகுனமா, கெட்ட சகுனமா?”

“நல்ல சகுனம் என்று நான் நம்புகிறேன், சேர். முடிவு உங்கள் கையில்தான் இருக்கிறது.”

துரை மேசையில் தட்டிச் சிரித்தார். பெரிய கிளாக்கரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். பின்னேரம் பியோன் வாசலில் நின்று எடுபட்டவர்களின் பெயரைக் கூப்பிட்டபோது என் பெயரும் இருந்தது. வாங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்திலிருந்த பட்டணத்துப் பெடியன் எனக்கு வேலை கிடைக்கவில்லையாக்கும் என்று நினைத்து ஆறுதல் சொன்னான்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா எங்கள் குசினிக்குள் அம்மாவோடு இருந்தார். நான் போனதும் வெறுங்குடத்தை வேலிக் கடப்படியில் போட்டுவிட்டு வந்தவராம். அம்மாவின் மடியில் விழுந்து அழுதாராம். பிறகு பழையபடி நான் எப்படிப் போனேன் என்று சொல்லத் தொடங்கினாராம். நான் செய்தியைச் சொன்னதும் இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மான், பின்பக்கத்தால் போகச் சொன்னது தன் மூளைதான் என்று சந்தியெல்லாம் சொல்லித் திரிந்தார்.

ஊர் வேறு விதமாகக் கணக்குப் பார்த்தது. மலாயா அக்கா, அதுவும் வெறுங்குடத்தோடு, எதிரே வந்தும் பெடியனுக்குக் கச்சேரி உத்தியோகம் கிடைத்திருக்கிறது. அப்படியானால் அவள் சுமங்கலி. அப்படியானால் மலாயாவில் ஆள் உயிரோடு இருக்கிறார். சந்தேகமே இல்லை! திரும்பவும் முதல் நாள் பின்னேரங்களில் பித்தளைக் குடம் மினுங்கத் தொடங்கியது.

அக்காவும் அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டதுதான் எனக்குப் பயமாக இருந்தது. முழுவியளத்தையே பகிடி பண்ணியவர், காரியம் முடிந்த பிறகு ஒருவரையும் ஒன்றும் கேளாதவர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் வேலிக்கு வந்து என்னைக் கேட்பார்.

“தம்பி, வேலை இன்னும் இருக்கோ?”

“இன்னும் மூண்டு மாசத்துக்கு நீட்டிப் போட்டினம் அக்கா.”

“அப்பாடா” என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போவார். என் தற்காலிக உத்தியோகத்தில் அவருடைய கணவரின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. கணக்கில் ஒரு சதம் பிழைத்தாலும் நான் நடுங்கினேன். பிந்திப் போனதில்லை, லீவு கேட்டதில்லை. நல்ல உத்தியோகத்தன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு என்றால் அது அக்கா எடுத்துத் தந்த பெயர்.

யுத்தம் முடிந்து, கப்பல் ஓடத் தொடங்கி, மலாயாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். உடுப்பிட்டிக்காரர் ஒருவர் அக்கா வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். யப்பான்காரன் போட்ட முதல் குண்டுகளில் ஒன்று அவர்கள் இருந்த ரெயில்வே ஸ்டேஷனில் விழுந்ததாம். அக்காவின் கணவர் அன்றைக்கே போய்விட்டாராம். கிட்ட நின்று உடலை எரித்தவர் இவர்தானாம்.

அந்தப் பாதையில் நான் அக்காவைத் திருப்பி நிறுத்திச் சிரிக்கச் சொன்னபோது அவர் கைம்பெண்ணாகி ஒரு வருஷமாகியிருந்தது.

எட்டுச் செலவுச் சடங்கு அன்று போனேன். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பயம். என் வேலை அவருக்கு மூன்று வருஷமாகப் பொய்ச் சாட்சி சொல்லியிருக்கிறது. கச்சேரியில் என்னை நிரந்தரமாக்கிய செய்தி வந்து சில நாள்கள் ஆகியிருந்தன. அதை வீட்டில் கூடச் சத்தமாகச் சொல்லவில்லை. அக்கா வெள்ளைச் சேலையோடு உள்ளறையில் பாயில் இருந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. நான் வாசலில் நின்றேன்.

“தம்பி, வேலை இன்னும் இருக்கோ?” என்றார்.

“ஓம் அக்கா. நிரந்தரமாக்கிப் போட்டினம்.”

“நல்லது மோனை.” என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஊர்ச்சனம் என்னவும் சொல்லட்டும். நீ ஒண்டும் யோசியாதை. அண்டைக்கு நீ திரும்பி உள்ளை போயிருந்தா எனக்கு அவர் அண்டைக்கே செத்திருப்பார். நீ போனபடியால்தான் மூண்டு வருஷம் கூட இருந்தவர்.”

நான் வாசற்படியிலேயே குந்தி இருந்துவிட்டேன். அக்கா பாயை விட்டு எழுந்து வந்து, என் தலையில் கை வைத்து, “சாப்பிட்டிட்டுப் போ” என்றார்.